பிளம்ஸ் ஜாமில் பிராந்தியும் தேயிலையும் சேர்க்கும் முறை

குன்னூரில் வசிக்கும் நீங்கள், வீட்டுத் தோட்டத்துப் பிளம்ஸ் பழங்களைக் கொண்டு பிராந்தியும் தேயிலையும் மணக்கும் ஜாம் செய்ய இருமுறை முயன்றதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் முறை வெப்பமானி 105 டிகிரி காட்டும்வரை காத்திருந்ததில் அது மிட்டாயாக இறுகிவிட்டது. மறுமுறை பதமாக இறக்கி, 100 மில்லி பிராந்தியும் 150 மில்லி டிகாக்ஷனும் ஊற்றியதில் கடைசிவரை உறையவே இல்லை. தேயிலையின் மணமும் வரவில்லை, துவர்ப்பு மட்டுமே தங்கியது. மது சேர்ப்பதால் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இவை தனித்தனிக் கேள்விகள் போலத் தோன்றினாலும் விடை ஓரிடத்தில்தான் இருக்கிறது. ஜாமைக் கெடாமல் காப்பவை சர்க்கரையும் புளிப்பும். அதை உறையவைப்பது பழத்திலுள்ள பெக்டின். தேயிலையும் பிராந்தியும் மணத்துக்காக மட்டுமே வருபவை. ஆகவே அவை அடுப்பை அணைத்த பிறகுதான் பாத்திரத்துக்குள் வர வேண்டும். அவை கொண்டுவரும் ஈரத்துக்கு, கொதிக்கும்போதே இடம் ஒதுக்கி வைத்திருக்கவும் வேண்டும்.

உறைதலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் இரண்டு தோல்விகளுமே அதைச் சார்ந்தவை. பழச்சதையை வேகவைக்கும்போது தோலிலிருந்தும் கொட்டையை ஒட்டிய பகுதியிலிருந்தும் பெக்டின் என்னும் நீண்ட இழைகள் நீரில் கரைகின்றன. இவை மின்னூட்டம் கொண்டவையாதலால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு, தம்மைச் சுற்றி நீரையும் பிடித்துக்கொண்டு மிதக்கின்றன. புளிப்பு அந்த விலக்கத்தைக் குறைக்கிறது. சர்க்கரை அந்த நீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அப்போதுதான் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து வலையாகி ஜாம் உறைகிறது. இதற்குப் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு மிகுதி) ஏறத்தாழ 2.8 முதல் 3.3 வரையிலும், மொத்தக் கரைபொருள் எடையில் 65 சதவீதத்தை ஒட்டியும் இருக்க வேண்டும். பிளம்ஸில் பெக்டினும் புளிப்பும் இயல்பாகவே நிறைந்திருப்பதால் உங்கள் பழத்தில் குறையில்லை. குறை சர்க்கரையின் செறிவில் இருந்தது: ஒருமுறை மிகுந்துவிட்டது, மறுமுறை குறைந்துவிட்டது.

சமையல் குறிப்புகளில் வரும் 105 டிகிரி என்பது கடல் மட்டத்துக்கு உரிய எண். 65 முதல் 68 சதவீதம் வரை சர்க்கரை கொண்ட பாகு, தண்ணீரின் கொதிநிலையைவிட நான்கரை அல்லது ஐந்து டிகிரி கூடுதலாகக் கொதிக்கும் என்பதே அந்த எண்ணின் பொருள். சென்னையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் அது 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். எனவே உங்கள் ஊரில் ஜாம் பதம் ஏறத்தாழ 98 முதல் 99 டிகிரியில் வந்துவிடுகிறது. நீங்கள் 105 வரை விட்டபோது தண்ணீரின் கொதிநிலையைவிடப் பதினொரு டிகிரி மேலே சென்றுவிட்டீர்கள். அந்த நிலையில் சர்க்கரையின் செறிவு 80 சதவீதத்தை நெருங்கியிருக்கும். நம் அடுக்களை வழக்கில் சொன்னால் அது உருட்டுப் பதம். மிட்டாயாக இறுகியதில் வியப்பில்லை. ஜாம் செய்யும் நாளில் முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து வெப்பமானி என்ன காட்டுகிறது என்று பார்த்து, அதனோடு நான்கரை டிகிரியைக் கூட்டிக்கொள்ளுங்கள். வெப்பமானியிலேயே சிறு பிழை இருந்தாலும் இந்த முறையில் அதுவும் சரியாகிவிடும்.

வெப்பமானியைவிட நான் நம்புவது தராசை. கொட்டை நீக்கிய ஒரு கிலோ பிளம்ஸில் சர்க்கரை, அமிலம் முதலிய கரைபொருள் ஏறத்தாழ 110 கிராம் இருக்கும். அதனோடு 800 கிராம் சர்க்கரை சேர்த்தால் மொத்தம் 910 கிராம். கொதிக்கும்போது ஆவியாவது தண்ணீர்தான். இந்த 910 கிராம் பாத்திரத்திலேயே இருக்கும். ஆகவே பாத்திரத்தில் உள்ள ஜாமின் எடை 1,340 கிராம் ஆகும்போது கரைபொருள் 68 சதவீதம் என்று பொருள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு உங்கள் இரண்டாவது முயற்சியைப் பாருங்கள். சரியான பதத்தில் இருந்த 1,340 கிராம் ஜாமில் 250 மில்லி திரவத்தை ஊற்றினால் எடை 1,590 கிராமாகி, செறிவு 57 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அந்த அளவில் பிளம்ஸ் பெக்டினால் வலை பின்ன முடியாது. அதே ஜாமில் 45 மில்லி மட்டும் சேர்த்திருந்தால் செறிவு 66 சதவீதத்தை ஒட்டி நின்று நன்றாக உறைந்திருக்கும். வெறும் ஜாமுக்கு 65 போதும் என்றாலும் மது சேர்க்கவிருக்கும் ஜாமை 68 வரை கொண்டுபோவது இதற்காகவே.

பிராந்தியைக் கூடுதலாகச் சேர்ப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெக்டினுக்கும் ஆல்கஹாலுக்கும் ஒத்துப்போகாது. செறிவான ஆல்கஹாலில் பெக்டின் கரைந்திருக்க முடியாமல் கட்டியாகப் பிரிந்துவிடும். பழத்தில் எவ்வளவு பெக்டின் இருக்கிறது என்று கண்டறியும் பழைய சோதனையே இதை வைத்துத்தான். வேகவைத்த பழத்தின் ஆறிய சாறு ஒரு தேக்கரண்டியை ஒரு கண்ணாடிக் குவளையில் விட்டு, மூன்று தேக்கரண்டி சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை ஊற்றி மெதுவாகச் சுழற்றிவிட்டு ஒரு நிமிடம் விடுங்கள். ஒரே திரளாகத் திரண்டால் பெக்டின் தாராளம். இரண்டு மூன்று துண்டுகளாக நின்றால் நடுத்தரம். துகள் துகளாகச் சிதறினால் குறைவு. சோதித்த சாற்றை உடனே கொட்டிவிட வேண்டும், நாவில் வைக்கவே கூடாது. நம் நாட்டுப் பிராந்தியிலும் ரம்மிலும் ஆல்கஹால் 42.8 சதவீதம்தான் என்பதாலும் ஒரு கிலோ பழத்துக்கு 45 மில்லி என்பது சிறிய அளவு என்பதாலும் ஜாமில் இந்தத் திரிதல் நிகழ்வதில்லை. ஆனால் ஒரே இடத்தில் மொத்தமாக ஊற்றிவிட்டுக் கிளறாமல் விட்டால் அங்கே சிறு கட்டிகள் விழக்கூடும். மெல்லிய தாரையாக ஊற்றியபடியே கிளற வேண்டும்.

மது சேர்த்தால் சர்க்கரையைக் குறைக்கலாமா என்ற கேள்விக்கு என் விடை, கூடாது என்பதுதான். ஆல்கஹால் தனியாகவே கிருமிகளையும் ஈஸ்ட்டையும் தடுக்க வேண்டுமானால் பழத்தில் உள்ள நீரையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகு ஏறத்தாழ 20 சதவீதம் இருக்க வேண்டும். 1,380 கிராம் ஜாமில் 45 மில்லி பிராந்தி கொடுப்பது ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும் அளவு. அது எதையும் காக்காது. சர்க்கரையைப் பாதியாக்கிய ஜாம் சுவையாக இருக்கலாம். ஆனால் அதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து இரண்டு மூன்று வாரங்களில் தீர்த்துவிட வேண்டும். பிராந்தி இருக்கிறதே என்று அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த ஜாமில் மேலே உள்ளதை மட்டும் வழித்தெடுத்துவிட்டு உண்பதும் சரியல்ல. பூஞ்சையின் நச்சு கீழேயும் இறங்கியிருக்கலாம் என்பதால் முழுவதையும் கொட்டிவிடுவதே முறை.

இதற்கு நேர் எதிரான ஒரு நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது: சூடான ஜாமில் ஊற்றியவுடன் மது முழுவதும் ஆவியாகிவிடும், ஆகவே யாருக்கும் கொடுக்கலாம் என்பது. தனி ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிப்பது உண்மைதான். ஆனால் நீரோடும் சர்க்கரையோடும் கலந்துவிட்ட சிறு அளவு ஆல்கஹால் அவ்வளவு எளிதில் பிரிந்து போகாது. அமெரிக்க வேளாண்மைத் துறை வெளியிட்டிருக்கும் அட்டவணைப்படி, கொதிக்கும் உணவில் சேர்த்து உடனே இறக்கினால் 85 சதவீத ஆல்கஹால் தங்கிவிடுகிறது. கலந்து 15 நிமிடம் கொதிக்கவிட்டால் 40 சதவீதமும், ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டாலும் 25 சதவீதமும் எஞ்சுகின்றன. நம் ஜாமில் ஒரு மேசைக்கரண்டியளவு எடுத்தால் அதில் இருப்பது சுமார் 0.2 கிராம், மிகச் சிறிய அளவுதான். ஆயினும் மதுவை அறவே விலக்கியவர்களுக்கும், குழந்தைகளுக்கும், கருவுற்றவர்களுக்கும், குடிப்பழக்கத்திலிருந்து மீள டைசல்பிராம் மாத்திரை எடுத்துக்கொள்பவர்களுக்கும் இதைக் கொடுக்கக் கூடாது. பாட்டிலின் மேல் பிராந்தி கலந்தது என்று தெளிவாக எழுதி ஒட்டுங்கள். விருந்தினர் காலைச் சிற்றுண்டியில் எடுத்துப் பூசிக்கொண்ட பிறகு சொல்வது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இப்போது தேயிலைக்கு வருகிறேன். நீங்கள் ஊற்றிய டிகாக்ஷன் எப்படிப்பட்டது என்று எழுதவில்லை. துவர்ப்பு மட்டும் தங்கியது என்பதைப் பார்த்தால், கடைகளில் பாலுக்காகப் போடும் டஸ்ட் டீயை நன்றாகக் கொதிக்கவைத்து எடுத்ததாக இருக்க வேண்டும். நீலகிரியில் உற்பத்தியாகும் தேயிலையில் பெரும்பகுதி சி.டி.சி. வகை, இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டி எடுப்பதால் அதன் சாயமும் துவர்ப்பும் விரைவாக இறங்கும். பாலிலுள்ள புரதம் அந்தத் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால் நம் தேநீருக்கு அது பொருத்தமானது. ஜாமில் பால் இல்லை. பிளம்ஸ் தோலுக்கே ஒரு துவர்ப்பும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் நாக்கு வறண்டுபோகும். இங்கே வேண்டியது முழு இலையாகச் சுருட்டிய ஆர்த்தடாக்ஸ் தேயிலை. உங்கள் ஊரைச் சுற்றியே அது கிடைக்கிறது. டிசம்பர், ஜனவரியில் உறைபனிக் குளிரில் பறிக்கும் இலையிலிருந்து தயாரிக்கும் தேயிலை கிடைத்தால் இந்த ஜாமுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை என்பேன். பூமணம் அதில் அவ்வளவு துலக்கமாக இருக்கும்.

தேயிலையின் மணம் லினலூல், ஜெரானியால் போன்ற எளிதில் ஆவியாகும் பொருட்களால் ஆனது. சாயமும் துவர்ப்பும் ஆவியாகாத பாலிபீனால்களால் ஆனவை. கொதிக்கும் ஜாமில் தேயிலையைப் போட்டால் முதலாவது பறந்துபோகும், இரண்டாவது மேலும் மேலும் இறங்கும். சமையலறை முழுவதும் தேயிலை மணக்கிறது என்றால் அந்த மணம் ஜாமில் இல்லை என்றுதான் பொருள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு பட்டதும் தேநீர் வெளுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிளம்ஸின் புளிப்பும் அதையே செய்யும் என்பதால், சாயம் தெரியவில்லையே என்று தேயிலையைக் கூட்டிக்கொண்டே போகக் கூடாது. நிறத்தைப் பழத்தின் தோல் பார்த்துக்கொள்ளும்.

மணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு துவர்ப்பைப் பெரும்பாலும் விட்டுவிட ஒரு நல்ல வழி, தேயிலையைத் தண்ணீரில் இறக்காமல் பிராந்தியிலேயே ஊறவைப்பது. 60 மில்லி பிராந்தியில் 5 கிராம் ஆர்த்தடாக்ஸ் இலையைப் போட்டு, மூடிபோட்ட சிறு கண்ணாடிப் பாட்டிலில், அடுப்பின் சூடு படாத இடத்தில் வையுங்கள். ஆல்கஹால் மணப்பொருட்களை வெகு விரைவாக ஈர்த்துக்கொள்ளும். துவர்ப்பையும் அது ஈர்க்கத்தான் செய்யும். ஆனால் அது சற்றுப் பிந்தியே இறங்குவதால், நேரத்தைக் கட்டுப்படுத்துவது நம் கையில் இருக்கிறது. அரை மணி நேரம் கழித்து ஒரு சொட்டை நாவில் வைத்துப் பாருங்கள். முன்னே மணமும் பின்னே இலேசான துவர்ப்பும் தெரிந்தால் அதுவே பதம். எப்படியானாலும் ஒரு மணி நேரத்தைத் தாண்டவேண்டாம். வடிகட்டும்போது இலையைப் பிழியக் கூடாது, பிழிந்தால் துவர்ப்பு முழுவதும் வந்துசேரும். இலை ஏறத்தாழ 15 மில்லியை உறிஞ்சிக்கொள்ளும். கையில் கிடைப்பது 45 மில்லி. மேலே சொன்ன எடைக் கணக்கில் வந்த 45 மில்லி இதுதான். தேயிலைக்கென்று தனியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஜாமில் சேர்வதில்லை என்பது இந்த முறையின் பெரிய வசதி.

மது வேண்டாதவர்களுக்கு, ஒரு தேக்கரண்டி இலையை மெல்லிய மல் துணியில் தளர்வாக முடிந்து, அடுப்பிலிருந்து இறக்கிய ஜாமில் மூன்று அல்லது நான்கு நிமிடம் அமிழ்த்தி எடுத்துவிடலாம். மணம் சற்று மென்மையாகத்தான் இருக்கும், ஆனால் தூய்மையாக இருக்கும்.

செய்முறையை ஒரு கிலோ பழத்துக்குச் சொல்கிறேன். மே முதல் ஜூலை வரை வரும் பிளம்ஸில் நன்கு பழுத்தவை முக்கால் பங்கும், இன்னும் கொஞ்சம் விறைப்பாக இருப்பவை கால் பங்கும் எடுத்துக்கொள்ளுங்கள். பழுக்கப் பழுக்கப் பெக்டினின் வலிமை குறையும் என்பதால் இந்தக் கலவை வேண்டும். இரண்டாக வகிர்ந்து கொட்டைகளை நீக்கி, அந்தக் கொட்டைகளைச் சதை ஒட்டியபடியே பழைய வெள்ளை வேட்டித் துணியில் முடிந்துகொள்ளுங்கள். கொட்டையை உடைத்துப் பருப்பைச் சேர்த்தால் பாதாம் மணம் வரும் என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பருப்பில் சயனைடு உண்டாக்கும் அமிக்டலின் இருக்கிறது, அதைத் தொடவேண்டாம். அடிகனமான, வாயகன்ற எவர்சில்வர் பாத்திரத்தை மரக்கரண்டியோடு சேர்த்து எடைபோட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அலுமினியப் பாத்திரமும் ஈயம் பூசாத பித்தளையும் புளிப்புக்கு ஆகாது.

பழம், துணிமூட்டை, 150 மில்லி தண்ணீர் மூன்றையும் பாத்திரத்தில் இட்டுச் சிறு தீயில் 20 நிமிடம் போல வேகவிடுங்கள். தோல் விரலால் நசுக்கும்போது எதிர்ப்பில்லாமல் குழைய வேண்டும். அதற்கு முன்பு சர்க்கரையைச் சேர்த்தால் தோல் விறைத்துப்போய்க் கடைசிவரை தோல் துண்டுகளாகவே தட்டுப்படும். பெக்டினும் முழுமையாக வெளிவராது. இப்போது துணிமூட்டையை ஒரு தட்டில் வைத்துக் கரண்டியால் அழுத்தி, அதிலிருந்து வழியும் கொழகொழப்பான சாற்றைப் பாத்திரத்திலேயே சேர்த்துவிடுங்கள். அந்தக் கொழகொழப்புதான் பெக்டின். பிறகு 800 கிராம் சர்க்கரையைச் சேர்த்து, சிறு தீயிலேயே முழுவதும் கரையும்வரை கிளறுங்கள். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய சர்க்கரையையும் வழித்துவிட வேண்டும். கரையாத ஒரு சில பரல்களே பிற்பாடு ஜாம் முழுவதும் சர்க்கரை பூத்துப்போகக் காரணமாகும். பழம் நன்றாகப் புளித்தால் எலுமிச்சை தேவையில்லை. இனிப்புப் பிளம்ஸாக இருந்தால் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேருங்கள்.

சர்க்கரை கரைந்ததும் தீயை முழுவதுமாகக் கூட்டிவிட வேண்டும். இங்கே தயங்கக் கூடாது. சிறு தீயில் நெடுநேரம் காய்ந்தால் பெக்டின் இழைகள் அறுந்து, நிறமும் பழுப்பாகி, பழத்தின் புத்துணர்ச்சி போய்விடும். ஒரு கிலோ பழம் பத்து முதல் பதினைந்து நிமிடத்தில் பதம் வந்துவிடும். இரண்டு கிலோவுக்கு மேல் ஒரே தடவையில் செய்யாமல் இருப்பதும் இதற்காகத்தான். முதலில் நுரை உயரமாகப் பொங்கும். சிறு குமிழிகளாக இருக்கும். பிறகு நுரை அடங்கி, குமிழிகள் பெரிதாகி, கனமாக வெடிக்கத் தொடங்கும். கரண்டியைத் தூக்கிச் சாய்த்தால் கடைசிச் சொட்டுகள் தனித்தனியாக விழாமல் இரண்டு மூன்று சேர்ந்து ஏடாகத் தொங்கி அறுந்து விழும். அப்போது தீயை அணைத்து எடைபோடுங்கள். தராசின் மேல் சூடு தாங்க ஒரு மரப்பலகையை வைத்து அதன் எடையையும் கழித்துக்கொள்ள வேண்டும். 1,340 கிராமுக்கு மேல் இருந்தால் மீண்டும் இரண்டு நிமிடம் கொதிக்கவையுங்கள். தராசு இல்லையென்றால் உறைபெட்டியில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளிப் பாருங்கள். சாதாரண ஜாமுக்கு மேலே மெல்லிய சுருக்கம் விழுந்தால் போதும். பிராந்தி சேரவிருக்கும் ஜாமுக்கு அந்தச் சுருக்கம் சற்று அழுத்தமாகவே விழ வேண்டும்.

தீயை அணைத்த பிறகு நுரையை வழித்தெடுத்துவிட்டு மூன்று, நான்கு நிமிடம் அப்படியே விடுங்கள். மேலே மெல்லிய ஆடை கட்டத் தொடங்கும்போது சூடு 90 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே இருக்கும். பிராந்தியை ஊற்ற வேண்டிய நேரம் இதுதான். பக்கத்து அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் அதையும் அணைத்துவிட்டே ஊற்றுங்கள். எழும் ஆவி தீப்பற்றக்கூடியது, முகத்தையும் சற்று விலக்கியே வைத்துக்கொள்ள வேண்டும். வடிகட்டிய தேயிலைப் பிராந்தியை மெல்லிய தாரையாக விட்டுக் கிளறி, சூடு 85 டிகிரிக்குக் கீழே போவதற்கு முன்பு பாட்டிலில் நிரப்பிவிடுங்கள்.

பாட்டில்களைச் சோப்பு நீரில் கழுவிப் பத்து நிமிடம் கொதிநீரில் வைத்து எடுத்திருக்க வேண்டும். குன்னூர் உயரத்துக்கு இன்னும் ஐந்தாறு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். விளிம்பிலிருந்து அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இடம்விட்டு நிரப்பி, விளிம்பைச் சுத்தமான ஈரத்துணியால் துடைத்து, புதிய மூடியால் மூடுங்கள். பல மாதங்கள் வெளியே வைக்க வேண்டுமானால் மூடிய பாட்டில்களை, அடியில் துணி விரித்த பாத்திரத்தில், மேலே ஓர் அங்குலம் தண்ணீர் நிற்கும்படி வைத்துக் கொதிக்கவிட வேண்டும். கடல் மட்டத்தில் 5 நிமிடம், 6,000 அடிக்கு மேல் 15 நிமிடம். உங்கள் வீடு அந்த எல்லையை ஒட்டியே இருக்கும் என்பதால் 15 நிமிடத்தையே கைக்கொள்ளுங்கள். உருகிய மெழுகை ஊற்றி மூடும் பழைய வழக்கம் இன்று பரிந்துரைக்கப்படுவதில்லை; மெழுகு சுருங்கி ஓரத்தில் விடும் இடுக்கே பூஞ்சைக்கு வாசலாகிறது. பாட்டிலை அசைக்காமல் ஒரு நாள் விட்டால் உறைந்துவிடும். புதிதாகச் செய்த ஜாமில் பிராந்தியின் காரம் தனித்துத் தெரியும். இரண்டு மூன்று வாரத்தில் அது அடங்கி, பழமும் தேயிலையும் முன்னுக்கு வரும்.

மற்ற பழங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அன்னாசியில் பெக்டின் மிகக் குறைவு. அதனோடு கொய்யாவை வேகவைத்து வடித்த சாறோ விளாம்பழமோ சேர்த்தால்தான் நிற்கும், அப்படி நின்ற அன்னாசிக்கு ரம்மும் அஸ்ஸாம் தேயிலையும் பொருந்தும். இலங்கையில் கொடித்தோடைப் பழத்தோடு தென்னஞ் சாராயமும் நுவரெலியாவின் மென்மையான தேயிலையும் அருமையாகச் சேரும். ஸ்காட்லாந்தில் கசப்பு ஆரஞ்சு மார்மலேடில் விஸ்கி ஊற்றுவது வழக்கம். சீனாவின் வூயி மலையில் பைன் மரப் புகையில் உலர்த்தப்படும் லாப்சாங் சூசாங் தேயிலையை அதில் ஒரு சிட்டிகை மட்டும் ஊறவைத்துச் சேர்த்தால் விஸ்கியின் புகைமணத்துக்கு நல்ல துணையாகும். உலர்ந்த பாதாமி, பெர்கமாட் மணமூட்டிய ஏர்ல் கிரே தேயிலையை நாடும். கொடைக்கானல் பேரிக்காய்க்கு நான் மதுவையே விரும்புவதில்லை. அதன் மணம் மிக மெல்லியது, பிராந்தி அதை மறைத்துவிடும். பப்பாளி, அத்தி, வாழை போன்ற புளிப்புக் குறைந்த பழங்களில் எலுமிச்சைச் சாற்றைத் தாராளமாகச் சேர்த்தே ஆகவேண்டும். மூடிய பாட்டிலில் பி.எச். 4.6க்கு மேல் இருந்தால் உயிருக்கே ஆபத்தான பாட்டுலிசம் கிருமி வளர வழியுண்டு.

மதுவே காக்கும் பொருளாக இருக்கும் பதப்படுத்தல் உங்களுக்கு வேண்டுமென்றால், அது ஜாம் அல்ல. பழத்தை மதுவிலேயே ஊறவைப்பது. ஜெர்மனியில் ரும்டோப் என்னும் மண்ஜாடியில் கோடையின் ஸ்ட்ராபெர்ரி தொடங்கி இலையுதிர்காலப் பிளம்ஸ் வரை, அந்தந்தப் பருவத்துப் பழத்தை அதன் எடையில் பாதிச் சர்க்கரையோடு அடுக்கி, பழம் மூழ்க ரம் ஊற்றி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் திறக்கிறார்கள். அங்கே பயன்படுத்துவது 54 சதவீத ரம். நம் ரம் 42.8 சதவீதம்தான், ஒரு கிலோ பழத்தில் 850 மில்லி அளவுக்கு நீர் இருப்பதால், அரை லிட்டர் ரம் ஊற்றினால் ஆல்கஹால் 16 சதவீதமாகக் குறைந்து நொதிக்கத் தொடங்கிவிடலாம். ஒரு கிலோவுக்கு ஒரு லிட்டர் ஊற்றினால் 23 சதவீதம் நிற்கும், அதுவே பாதுகாப்பான அளவு.

தேயிலை, மது, பழம் மூன்றும் இயல்பாகவே சந்திக்கும் ஒரு பண்டம் தென்மேற்குப் பிரான்சில் இருக்கிறது. அஜென் என்னும் ஊரின் பெயரால் வழங்கும் உலர்ந்த பிளம்ஸை இலேசான தேநீரில் ஊறவைத்து, பிறகு அதே பகுதியின் அர்மான்யாக் பிராந்தியில் போட்டு வைக்கிறார்கள். அடுப்பு வேலை ஏறக்குறைய இல்லாத இந்த முறையை உங்களுக்கு மனமாரப் பரிந்துரைக்கிறேன். கடையில் புரூன்ஸ் என்று கிடைக்கும் உலர்பழம் 500 கிராமை, 10 கிராம் ஆர்த்தடாக்ஸ் தேயிலையை நான்கு நிமிடம் மட்டும் இறக்கி வடித்த அரை லிட்டர் சூடான தேநீரில் ஓர் இரவு ஊறவையுங்கள். மறுநாள் நன்றாக வடித்து, ஈரம் போகத் துணியில் பரப்பி ஒற்றியெடுத்து, சுத்தமான பாட்டிலில் நிரப்பி, 100 கிராம் சர்க்கரையை 100 மில்லி தண்ணீரில் காய்ச்சி ஆறவைத்த பாகையும் 400 மில்லி பிராந்தியையும் ஊற்றுங்கள். பழம் எப்போதும் திரவத்தில் மூழ்கியிருக்க வேண்டும்; உறிஞ்சி மட்டம் குறைந்தால் மேலும் கொஞ்சம் பிராந்தி ஊற்றுங்கள். ஒரு மாதம் கழித்துத் திறக்கலாம், மூன்று மாதம் விட்டால் இன்னும் நன்றாக இருக்கும். பழம் தீர்ந்த பிறகு எஞ்சும் பிராந்தியைக் கொட்டாமல் வைத்திருந்தால் அடுத்த முறை ஜாம் செய்யும்போது அந்த 45 மில்லிக்கு அதையே பயன்படுத்திக்கொள்ளலாம்.